என் மகள் எழுதிய பத்து அட்லீஸ்ட்

போன செவ்வாய்க்கிழமை கம்பெனியில் இருந்தபோது ஹரிணியின் இங்கிலீஷ் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

எட்டாம் வகுப்பு படிக்கிற பெண்ணின் ஸ்கூலிலிருந்து, வேலை நேரத்தில் போன். ஓர் அப்பா என்னவெல்லாம் நினைப்பார்? காய்ச்சலா, படியில் விழுந்துவிட்டாளா, யாரையாவது அடித்துவிட்டாளா...

"அதெல்லாம் இல்லை சார். ஹரிணி கிளாஸ்லதான் இருக்கா. ஒரு ஹோம்வொர்க் நோட்டைக் காட்டணும். இன்னைக்கே வர முடியுமா?" என்றார் ஹிந்தியில்.

ஹோம்வொர்க்தானா! உயிர் வந்தது. பின்னாலேயே எரிச்சலும் வந்தது. எழுதாமல் விட்டிருப்பாள், வேறென்ன? பர்மிஷன் போட்டுவிட்டு சிஞ்ச்வட்டிலிருந்து சாங்விக்கு பைக்கை விரட்டினேன். சாயங்காலம் அவளை எப்படித் திட்டுவது என்று வழி முழுக்க ஒத்திகை.

ஸ்டாஃப் ரூமில் டீச்சர் நோட்டைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். எழுதாமல் விடவில்லை. அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். 'அட் லீஸ்ட்' என்பதை வைத்துப் பத்து வாக்கியங்கள் எழுத வேண்டும் — அதுதான் ஹோம்வொர்க்.

"மத்த பிள்ளைங்க, பாட்டில்ல அட்லீஸ்ட் ஒரு லிட்டர் தண்ணி இருக்கு, கிளாஸ்ல அட்லீஸ்ட் நாற்பது பேர் இருக்கோம்னு எழுதியிருக்காங்க. இவ எழுதினதைப் படிங்க" என்றார்.

எல்லாம் இங்கிலீஷ். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

'படிக்கலைன்னாலும் பரவாயில்லை, அட்லீஸ்ட் படிக்கிற மாதிரியாவது உட்காரு.'

சிரித்துவிட்டேன். அது என் மனைவி சுதா. தினமும் ஏழு மணிக்கு, சப்பாத்திக் கட்டையோடு.

'அட்லீஸ்ட் அத்தை வரும்போதாவது சிரிச்ச முகமா இரு.' இதுவும் சுதா.

'மேத்ஸ் வரலை, சயின்ஸ் வரலை, அட்லீஸ்ட் டிராயிங்காவது வருது.'

சிரிப்பு நின்றது. இது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து அக்கா போன் பண்ணுவாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம். "பாப்பா எப்படிடா படிக்குது?" என்பாள். நான் இதைச் சொல்வேன். ஹரிணி அங்கேயே சோபாவில் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் பேசுவது அவளுக்குப் பாதிதான் புரியும் என்று எப்படியோ முடிவு செய்து வைத்திருந்தோம். இங்கே, இந்த மராத்தி ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண். தோழிகளோடு மராத்தி, ஸ்கூலில் இங்கிலீஷ், கடையில் ஹிந்தி. தமிழ் எங்களோடு மட்டும், அதுவும் தடுக்கித் தடுக்கி. நாங்கள் கடகடவென்று பேசுகிற தமிழில் அவள் காதில் பளிச்சென்று விழுகிற வார்த்தை எதுவாக இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

அட்லீஸ்ட்!

இங்கிலீஷில் அது இரண்டு சொல். நம் வாயில் ஒட்டிக்கொண்டு ஒன்றாகி, பக்கா தமிழாகவே ஆகிவிட்டது. 'அட்லீஸ்ட் ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?' 'அட்லீஸ்ட் ஒரு வாய் சாப்பிட்டுப் போ.' அது இல்லாமல் ஒரு நாள் பேசிப் பாருங்களேன். கேட்பதற்கு எவ்வளவு பணிவான வார்த்தை! நான் என்ன பெரிசாகவா கேட்டேன், இந்தத் துளியூண்டு போதுமே என்கிற பெருந்தன்மை. ஆனால் அந்தத் துளிக்கு முன்னால் பெரிதாக எதையோ கேட்டு, கிடைக்காமல், கைவிட்டிருக்கிறோம் இல்லையா? கைவிட்டது என்ன என்று நாம் சொல்வதில்லை. கேட்கிற பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

எட்டாவது வாக்கியத்துக்கு வந்தேன்.

'இன்னொரு குழந்தை இருந்திருந்தால் அட்லீஸ்ட் அதாவது நல்லாப் படிச்சிருக்கும்.'

சொன்ன இடம்கூட நினைவிருக்கிறது. பிம்ப்ரியில் நண்பன் வீட்டு கிரகப்பிரவேசம். சாப்பாட்டுப் பந்தி. "ஏன் ஒண்ணோட நிறுத்திட்டீங்க?" என்று யாரோ கேட்டார்கள். நான் ஜோக்கடித்தேன். பந்தியே சிரித்தது. ஹரிணியும் சிரித்தாள் — சத்தியமாகச் சிரித்தாள், நான் பார்த்தேன். அப்போது அவளுக்குப் பத்து வயது.

மூன்று வருஷமாக அதை எங்கே வைத்திருந்தாள்?

பத்தாவது வாக்கியம் மட்டும் நாங்கள் சொன்னது இல்லை. அது அவளுடையது.

'நான் ஹாஸ்டலுக்குப் போனால் அட்லீஸ்ட் அவங்களுக்கு ரெஸ்ட் கிடைக்கும்.'

"போன வாரம் என்கிட்ட வந்து, ஹாஸ்டல் இருக்கிற நல்ல ஸ்கூல் எதுன்னு கேட்டா சார். சும்மா கேக்கறான்னு நினைச்சேன். இதைப் படிச்சதும்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் டீச்சர். பிறகு, "தப்பு எதுவும் இல்லை. பத்துக்குப் பத்து போடணும். காலையிலேர்ந்து போட முடியாம வெச்சிருக்கேன்" என்றார். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சுதா பேங்க்கிலிருந்து வந்ததும் காட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"ஏங்க, நான் இப்படியெல்லாமா சொல்றேன்?"

"தினமும்."

"நீங்க மட்டும் என்னவாம்?" என்றவள் எட்டாவதை இரண்டு தடவை படித்தாள். பத்தாவதைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கோபம் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. "அதுக்காக ஸ்கூல்ல போயா எழுதறது? அட்லீஸ்ட் என்கிட்ட ஒரு..."

அதோடு நின்றது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டிராயிங் கிளாஸ் முடிந்து ஹரிணி வந்தாள். ஷூவைக் கழற்றும்போதே எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"மேம் கால் பண்ணாங்களா?"

"ஆமாம்மா. நோட்டைக் காட்டினாங்க."

"அவங்க யூஸ் பண்ணச் சொன்னாங்க, நான் யூஸ் பண்ணேன். ராங்கா?"

"ராங் இல்லடா கண்ணு."

"தென் வாட், அப்பா?"

கோபமா என்று கேட்டேன். "சேச்சே" என்றாள். அப்படியே சுதா சொன்ன மாதிரி இருந்தது. "பத்து வேணும்ல. பாட்டில், வாட்டர்னு யோசிச்சா போர். இது ஈஸியா வந்துச்சு, யோசிக்கவே வேணாம்."

சுதா அழ ஆரம்பித்தாள். ஹரிணி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அம்மா, ப்ளீஸ். இட்ஸ் ஜஸ்ட் ஹோம்வொர்க்" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கதவை அறைந்து சாத்தியிருந்தால், நாங்களும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஒரு மாதிரி சரியாகியிருக்கும். பதின்மூன்று வயதுப் பெண், விருந்துக்குப் போன வீட்டில் யாரையோ சங்கடப்படுத்திவிட்டவளைப் போல எங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவு மரியாதை. சொந்தப் பெண்ணிடம் இவ்வளவு மரியாதை கிடைத்தால் என்ன அர்த்தம்?

"ஹாஸ்டல்... நிஜமாவா?" என்றேன்.

"பஞ்ச்கனியில இருக்காம்ப்பா. சாய்லியோட தீதி அங்கதான் படிக்கறா. செம்ம ஜாலியாம். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு சொல்லுங்க, நோ டென்ஷன்." நாளைக்கு மழை வருமாம் என்பது போலச் சொன்னாள். சாய்லி அவள் தோழி. தீதி என்றால் அக்கா. பஞ்ச்கனி, ஹாஸ்டல் ஸ்கூல்களுக்குப் பெயர்போன மலையூர்.

இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசுகிறேன். வாரம் தவறாமல் ஏதாவது சொல்லத் தெரிகிறது. எதிரே நின்ற என் பெண்ணிடம், 'போகாதே, நீ இல்லாமல் எங்களுக்கு என்ன ரெஸ்ட்' என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆன்யுவல் எக்ஸாம் முடியட்டும். மார்க்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று வந்தது.

ஏன் அப்படி வந்தது? தெரியவில்லை. மார்க் என்ற பேச்சை எடுக்காமல் அவளோடு பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். சுதா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்னும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஹரிணியின் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. "நல்ல மார்க் வந்தா அனுப்புவீங்களா? ப்ராமிஸ்?"

அப்படி இல்லை என்று அதற்குப் பிறகு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஓகேப்பா, ஓகே" என்கிறாள். நம்பவில்லை. எங்கள் வார்த்தைகளில் அவள் எதை நம்புகிறாள், எதைத் தள்ளுகிறாள் என்று எங்களால் இனி கண்டுபிடிக்க முடியாது போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளைப் படி என்று யாரும் சொல்லவில்லை. தானே ஐந்தரைக்கு எழுந்து மேத்ஸ் போடுகிறாள். படம் வரைகிற நோட்டு அலமாரிக்குள் போய்விட்டது. புரியாததைக் கேட்க என்னிடமே வருகிறாள். சொல்லிக் கொடுத்தால் டக்கென்று பிடித்துக்கொள்கிறாள். நேற்றைய யூனிட் டெஸ்டில் இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு.

பேப்பரை என்னிடம் நீட்டும்போது அந்த முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! என் பெண் இவ்வளவு ஆசையாகப் படித்து நான் பார்த்ததே இல்லை.