தோல் காசுக்கு ஒரு டீ

இரண்டாம் உலக யுத்த காலத்தில் சில்லறை கிடைக்காமல் போனபோது, எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் மீதிச் சில்லறைக்குப் பதில் தங்கள் கடை முத்திரை குத்திய வில்லைகளைக் கொடுத்தார்கள். அந்தந்தக் கடையில்தான் அது செல்லும். அவற்றைத்தான் நான் சேர்க்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்; ஆனால் ஆம்பூர் காயலான் கடைகளில் பழைய வில்லை வந்தால் எனக்குத்தான் முதலில் ஆள் வரும்.

என்னிடம் இருந்ததிலேயே பெரிய பொருள் பித்தளை இல்லை, தோல். மரப்பட்டை ஊறிய தண்ணீரில் பதப்படுத்திய மாட்டுத்தோலை வட்டமாக வெட்டி, நடுவில் டீக் கெட்டில் முத்திரை குத்தியிருந்தது. ஷூ கம்பெனியில் வருஷக்கணக்காகத் தோல் தைத்த கை இது. அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. எந்தக் கடையுடையது என்றுதான் தெரியவில்லை.

போன வருஷம் பேரணாம்பட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அங்கே ஒரு டீக்கடைப் பலகையில் அதே கெட்டில். அடுத்த வாரமே வில்லையை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கல்லாவில் இருந்த பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். வில்லையை எதிரில் வைத்து, "இது உங்க கடையோடதா பாய்?" என்றேன்.

எழுந்து நின்றுவிட்டார். விரலால் தடவிப் பார்த்து, தன் தாதா, அப்பாவைப் பெற்றவர், வெட்டியது என்றார். என்னை உட்காரவைத்து, சக்கரை ஜாஸ்தியாக ஒரு டீ போடச் சொன்னார். உபசாரம் என்று நினைத்து நிதானமாகக் குடித்தேன். கிளாஸைக் கீழே வைத்ததும், தோலில் ஓட்டை போடும் உளியை எடுத்தார். வில்லைக்கு டீ கொடுத்தால் அதில் ஓட்டை போட்டுக் கடையிலேயே வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கமாம், மறுபடி யாரும் கொண்டு வராமல் இருக்க.

வில்லையைக் கையால் மூடினேன். "டீக்குக் காசு தர்றேன் பாய். இத விட்டுடுங்க."

"காசு வாங்க மாட்டேம்மா. வெளிய போனதெல்லாம் திரும்பி வரணும்னு சொல்லிட்டேதான் தாதா மவுத்தானாரு. ஆனா உங்க இஷ்டம், எடுத்துட்டுப் போறதுன்னா போங்க."

பெஞ்சில் இருந்தவர், "எனக்கும் ஒரு தோல வெட்டிக் குடு பாய்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

என்னால் எழுந்து போக முடியவில்லை. என்றைக்கோ செத்துப்போன மனுஷன் துண்டுத் தோலில் கொடுத்த வாக்கு, சூடாக என் வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. ராஜா தலை போட்ட காசெல்லாம் செல்லாமல் போன ஊரில் இது செல்லுகிறது.

"போடுங்க பாய்."

ஒரே தட்டு.

என் டப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் அந்தத் தோல் வில்லை எங்கே என்று கேட்டால், டீ குடித்துவிட்டேன் என்கிறேன்.