குளியல் தொட்டியில் ஒரு சாட்சி

நான் பல் தீட்டும்போது அது என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். முழங்கை நீளக் கெண்டை மீன். செதில்களுக்குப் பழைய பித்தளைச் செம்பின் நிறம். வாக்குமூலம் கொடுக்க ஆயத்தமாவதுபோல வாயைத் திறந்து திறந்து மூடும். லண்டன் நோர்பரியில் அக்காவும் அத்தானும் வாடகைக்கு இருந்த மேல்மாடி வீட்டின் குளியல் தொட்டியில் அது மூன்று நாள் குடியிருந்தது. அந்த மூன்று நாளும் நான் பட்ட பயத்தை நாட்டை விட்டு வெளிக்கிட்ட அன்றுகூடப் படவில்லை. அன்றைக்குப் பயப்பட நேரம் கிடைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. நான் லண்டனுக்கு வந்து எட்டு மாதம். அகதி விண்ணப்பம் ஹோம் ஆபிஸில் கிடந்தது. முடிவு வரும்வரை ஒரு சின்னப் பிரச்சினையிலும் மாட்டிவிடாதே என்று சொலிசிட்டர் சொல்லியிருந்தார். நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். வாகனமே இல்லாத தெருவிலும் பச்சை விளக்கு வரும்வரை அசையாமல் நிற்பேன். பஸ்ஸில் தும்மல் வந்தால் இறங்கும்வரை அடக்கி வைத்திருப்பேன். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என்னோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவன் ஒருவன் கொழும்பில் விமானத்தால் இறங்கினான். வீடு போய்ச் சேரவில்லை. எல்லாவற்றையும் பகிடி பண்ணுகிற எனக்கு இதில் மட்டும் பகிடி வராது.

அத்தான் வேறு மாதிரி. எனக்குப் பத்து வருடம் முந்திப் படிக்க வந்தவர். இந்த நாடே தன் வீட்டு வளவு என்பதுபோல நடப்பார். வெயில் எறிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுக்குள் இருப்பது பெரும் பாவம் என்பது அவருடைய கட்சி. அக்கா, கைக்குழந்தை, நான் எல்லோரையும் பஸ்ஸேற்றி, காடுபோல் பரந்த ஒரு பூங்காவுக்குக் கொண்டுபோவார். அங்கே ஆட்கள் படகு வலிப்பார்கள், பட்டம் விடுவார்கள், நாயோடு ஓடுவார்கள். ஏரிக்கரையில் மடக்குக் கதிரைகளில் வெள்ளைக்காரர் நாள் முழுக்கத் தூண்டில் போடுவார்கள். மீன் பட்டால் எடை பார்த்து, படம் எடுத்து, முதுகைத் தடவி, மறுபடி தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அதைத்தான் அத்தானால் தாங்க முடியவில்லை.

“விசரங்கள். விடுறதெண்டா பிறகேன் பிடிக்கிறாங்கள்?”

அடுத்த ஞாயிறு பழைய சாமான் கடைத் தூண்டில் ஒன்றோடு வந்தோம். பிடிப்பது நான். கடற்கரைக்காரன் என்று அதுவரை விட்டுவந்த புளுகின் பலன். உண்மையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் மூன்று மைல். மீனைச் சந்தைக் கடகத்தில்தான் கண்டிருக்கிறேன். ரொட்டி மாவை உருட்டிக் கொளுவிப் போட்டேன். அரை மணித்தியாலத்தில் ஒரு மீன் வந்து மாட்டியது. யாருக்கு அதிகப் பயம், எனக்கா மீனுக்கா என்று சொல்ல ஏலாது. அக்கா அதைக் குழந்தையின் ஈர நாப்பியில் சுற்றித் தள்ளுவண்டிக்குக் கீழே வைத்தாள்.

நிமிர்ந்தால் பச்சைச் சீருடையில் ஒரு மனிதர்.

சீருடை என்றால் என்னவென்று நாட்டிலேயே படித்திருந்தேன். தூண்டில் போட அனுமதிச்சீட்டு இருக்கிறதா என்று அவர் கேட்டார். பிறகு ஒரு கொப்பியை எடுத்து, பெயர் என்ன என்றார். எனக்கு என் பெயர் மறந்துபோனது. வாயைத் திறந்தேன், மூடினேன். அத்தான் முன்னுக்கு வந்து என் கையிலிருந்த தூண்டிலை வாங்கினார். தன்னுடையது என்றார். தன் பெயரையும் விலாசத்தையும் ஒவ்வொரு எழுத்தாக, சீருடைக்காரர் எழுதி முடிக்கும்வரை பொறுத்துச் சொன்னார். வண்டிக்குக் கீழே மீன் படபடவென்று அடித்தது. அக்கா உரத்த குரலில் தாலாட்டுப் பாடினாள். குழந்தை முழுதாக விழித்திருந்து அவளை ஆச்சரியமாகப் பார்த்தது.

வீட்டில் நாப்பியை விரித்தால் மீனுக்கு இன்னும் உயிர். அத்தான் கத்தியை எடுத்தார். நான் குறுக்கே நின்றேன்.

“அத்தான், உது சாட்சி. கொன்றால் இன்னும் பெரிய கேஸ்.”

“அப்ப என்னடா செய்யிறது? வேலைக்குப் போக நெஷனல் இன்சூரன்ஸ் நம்பர் எடுத்துக் குடுக்கவோ?”

“தம்பி சொல்லுறது சரி,” என்றாள் அக்கா. “எப்பிடியும் சேத்து மணம் மணக்கும், கறிக்கு உதவாது.”

இப்படித்தான் அது தொட்டிக்குப் போனது. நாங்கள் வாளியில் குளித்தோம். கதவுத் துவாரத்தில் தபால் விழும் சத்தம் கேட்டால் நான் மாடிப்படியில் உறைந்து நிற்பேன். பீட்சா விளம்பரத்தை மூன்று தரம் வாசித்து, அதில் என் பெயர் இல்லை என்று உறுதிப்படுத்தினேன். கண்ணை மூடினால் விமானப் படிகள் தெரிந்தன, கீழே காத்து நிற்கும் ஆட்கள் தெரிந்தார்கள். முகங்கள் மட்டும் தெரியவில்லை. அதுதான் மோசம்.

புதன்கிழமை விடிய, மீனை வாளியில் விட்டு மூடி, அத்தானும் நானும் பஸ்ஸேறினோம். திருப்பி விட்டுவிட்டால் குற்றமே இல்லை என்பது என் சட்ட அறிவு. ஏரிக்கரையில் மூடியைத் திறந்தேன். பின்னால் அதே சீருடை. வெளியிலிருந்து மீன் கொண்டுவந்து ஏரியில் விடுவது, மீன் பிடிப்பதைவிடப் பெரிய குற்றமாம், நோய் பரவுமாம்.

அதோடு நான் உடைந்துபோனேன். “சேர், இது உங்கட மீன்,” என்று தொடங்கி, தெரிந்த அரை இங்கிலீசில் தூண்டில், நாப்பி, தொட்டி எல்லாம் ஒப்புவித்தேன். என்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கும்பிட்டேன். அத்தான் வாளி மூடியைப் பிடித்தபடி ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார். மானம் போகிறது என்ற கோபமாக்கும் என நினைத்தேன்.

அந்த மனிதர் வாளிக்குப் பக்கத்தில் குந்தினார். பிறகு வாளிக்குள் கை விட்டு, மீனைப் புரட்டிப் பார்த்து, தானே தண்ணீரில் இறக்கினார். தான் யாரையும் எங்கேயும் அனுப்புவதில்லை, தன் வேலை ஏரியும் வாத்துகளும்தான் என்றார். அடுத்தமுறை சீட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். அடுத்தமுறை வரவில்லை, கொப்பியில் எழுதியதற்குக் கடிதமும் வரவில்லை. ஒன்றரை வருடத்தில், இங்கே இருக்கலாம் என்று என் காகிதம் வந்தது.

போன மாதம் அக்கா வீடு மாறுகிறாள் என்று பழைய கோப்புகளைப் பிரித்து அடுக்கிக் கொடுத்தேன். அத்தானின் கடவுச்சீட்டு ஒன்று அகப்பட்டது. எண்பதுகளில் மாணவ விசா முடிந்திருக்கிறது. அடுத்த முத்திரை நாலு வருடம் கழித்துத்தான். மீன் பிடித்த ஞாயிறு அந்த நாலு வருடத்துக்கு நட்டநடுவே. அவருடைய விண்ணப்பமும் அதே ஹோம் ஆபிஸில் கிடந்திருக்கிறது. அவரை அனுப்பினால் அக்காவும் குழந்தையும் சேர்ந்து போகவேண்டும். அது தெரிந்துகொண்டுதான் உண்மைப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறார்.

அத்தானுக்கு இப்போது எழுபத்தாறு. கதிரையில் இருந்து தேத்தண்ணி ஊதிக்கொண்டிருந்தவரிடம் கடவுச்சீட்டை நீட்டினேன்.

“ஏன் அத்தான் சொல்லேல்லை? உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?”

“இருந்தது. மூண்டு நாளும் நித்திரையில்லை.” ஒரு மிடறு குடித்தார். “எண்டாலும் ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் பயந்தாப் போதும்தானே. அதை நீ வடிவாச் செய்தனீ.”