மணக்காத ரசம்

மும்பை மாட்டுங்காவில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். கொரோனா கட்டுப்பாடுகளைத் தளர்த்திய நாளிலிருந்து சமையலைவிட வாக்குவாதம்தான் அதிகம்.

"சர்க்காரே விட்டாச்சு, இன்னும் மாஸ்க் கேக்கறேளே மாமி!" என்பார் ஒருவர்.

"மாஸ்க் போடாதவாளை ஏன் உள்ள விடறேள்?" என்பார் இன்னொருவர்.

அலுத்துப்போய், எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டேன். என் மாஸ்க்கையும் கழற்றிவிட்டேன்.

சாமிக்குப் படைக்கும் முன் எதையும் நான் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. உப்பும் புளியும் வாசனையிலேயே தெரிந்துவிடும். அன்று ரசம் மணக்கவே இல்லை. பெருங்காயம் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டியபடி இன்னும் கொஞ்சம் போட்டேன்.

முதலில் சாப்பிட உட்கார்ந்த வங்கி ஊழியர் முகம் சுளித்தார். "என்ன மாமி, பெருங்காய நெடி தாங்கலையே!"

காபிப்பொடி டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தேன். வாசனையே இல்லை.

அந்த நேரம் பார்த்து, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் கணவருக்கு ரசம் வாங்க, தூக்குடன் படியேறினாள் பக்கத்துத் தெரு பார்வதி.

"உள்ள வராதேடி, அங்கேயே நில்லு!" என்று கத்தினேன்.

பரிசோதனையில் எனக்குக் கொரோனா உறுதியானது. வங்கி ஊழியருக்கும் காய்ச்சல் வந்தது. என்னாலா, லோக்கல் ரயிலாலா, யார் கண்டார்? பார்வதி வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது யாரும் மாஸ்க் போடுவதில்லை, அதற்காகச் சண்டை போடவும் ஆளில்லை. நான் மட்டும் விடிந்ததும் காபிப்பொடியை முகர்ந்து பார்க்கிறேன். மணந்தால்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.