வெல்லம் மணத்த கார்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினேன். கார் நிறுத்தும் இடம் முழுக்க வெல்லப்பாகு மணம். கழக்கூட்டத்தில் ஒரு பதினாலு மாடி ஃபிளாட்டின் அடித்தளத்தில் யார் பாயசம் வைக்கப் போகிறார்கள்? மூக்கு இழுத்த பக்கம் போனேன். ஏழாம் மாடி சார் அப்போதுதான் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். பாங்கில் பெரிய வேலையில் இருப்பவர். நான் கேட்காமல் கொள்ளாமல் அவர் பானெட்டில் கை வைத்ததும் கொஞ்சம் மிரண்டார்.

கூலண்ட் ஒழுகுகிறது, இனி வண்டியை ஓட்டாதீர்கள் என்று மலையாளத்தில் சொன்னேன். குனிந்து பார்த்தார். தரையில் பச்சையாக நாலு சொட்டு.

"எந்தொரு மூக்காடோ இது!" என்று வியந்துவிட்டு, தெரிந்த மெக்கானிக் யாராவது உண்டா என்று கேட்டார்.

நான் பதில் சொல்லாமல் பால் வாங்கப் போய்விட்டேன். மரியாதை தெரியாதவன் என்று நினைத்திருப்பார். உங்களிடமாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சின் சூடாகிவிடாமல் அதைச் சுற்றி ஓடுகிற அந்தத் திரவத்துக்கு ஓர் இனிப்பு மணம் உண்டு. ஒழுகிச் சூட்டில் பட்டால் பாகு காய்ச்சுகிற மாதிரி மணக்கும். கார் வைத்திருக்கிற எல்லா மூக்குக்கும் அது தெரியும். ஆரியசாலையில் வெல்லம் மொத்த வியாபாரம் செய்தவரின் மகனுடைய மூக்குக்கு மட்டும் ஒரு காலத்தில் தெரியாமல் இருந்தது.

எங்கள் கடை முன்பக்கம், குடோன் பின்பக்கம், வீடு மாடியில். பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்து வெல்லப் பாயசம் பொங்கும் பொங்காலைத் திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் மாடிப்படி வரைக்கும் வெல்ல மூட்டை ஏறி நிற்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். என் பையில் எறும்பு வரும், ஜியாமெட்ரி பாக்ஸில் எறும்பு வரும். வகுப்பில் எனக்குப் பெயர் சர்க்கரவரட்டி. ஓணத்துக்கு வெல்லப்பாகில் புரட்டி எடுப்பார்களே, அந்த நேந்திரங்காய்த் துண்டு. பக்கத்தில் உட்காருகிறவன் முகர்ந்து பார்த்து, "டா, நீ எந்நும் பாயசத்திலாணோ குளி?" என்பான். நானும் என் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்து கூடவே இருப்பது எங்கே மணக்கும்? யார் எங்கே இனிப்பாக மணக்கிறது என்றாலும், "அது என் சட்டைதான்" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடப் பழகியிருந்தேன். கேலிக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும் தந்திரம்.

கார்ப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. கழக்கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடத்தில் கையில் கொஞ்சம் பணமும் வாயில் நிறையக் கொள்கையும் சேர்ந்திருந்தன. கொள்கைகளில் முக்கியமானது இது: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் அதிகம் ஓடியதைத்தான் வாங்க வேண்டும். குறைவாக ஓடியது ஷெட்டில் கிடந்து ரப்பரெல்லாம் காய்ந்துபோயிருக்கும். நிறைய ஓடியது நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்டிருக்கும். எங்கள் கார்ப் பிரியர்கள் வாட்ஸப் குரூப்பில் இதை நான் அடிக்கடி எழுதுவேன். அறுபது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். எழுதி எழுதி, எனக்கே ஒன்று வாங்காவிட்டால் மானம் போய்விடும் என்ற நிலை வந்தது.

அப்படித்தான் கவடியாரில் அந்த வண்டி கண்ணில் பட்டது. ஜெர்மன் கார், இரண்டே கதவு, கருநீலம், ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. கதவை மூடினால் வருகிற அந்தக் கனத்த 'தும்' சத்தத்துக்காகவே நாலு தடவை திறந்து மூடினேன்.

அப்பா மறுக்கவில்லை. அவர் பெரிய வண்டி கண்டவர் இல்லை. கடையின் லோடு ஆட்டோதான் அவருக்குத் தெரிந்த வாகனம். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "கூட யார கூட்டிட்டுப் போற?" என்றார்.

"செல்வின."

"அவன் சரின்னு சொன்னா வாங்கு."

செல்வின் மார்த்தாண்டத்துக்காரன். கரமனை பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். எங்கள் லோடு ஆட்டோவுக்கு ஆறு வருடமாக அவன்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவன், ஆனால் நாங்கள் 'டே', 'மக்கா' என்றுதான். பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்து, காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் ஒன்றை அப்போதுதான் தரையில் போல்ட் போட்டு இறக்கியிருந்தான். வெளிநாட்டு வண்டிகள் பார்க்க வேண்டுமென்று அவனுக்கு ஆசை. அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியவன் நான். "எங்க குரூப்புல அறுபது பேரு இருக்கோம். எல்லா வண்டியும் ஒங்கிட்டதான் வரும், பாத்துக்கோ" என்று லிஃப்டின் தூணைத் தட்டிச் சொன்னவனும் நான்.

கவடியாருக்குப் போன அன்று நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். காரோடு நின்று எடுக்கப் போகும் படத்துக்குப் பொருத்தமாக, அதே கருநீலம். மடிப்புகூடக் கலையவில்லை.

செல்வின் முதலில் வண்டியைச் சுற்றவில்லை, கதவைத் திறக்கவில்லை. நேராகப் போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தான்.

"சூடா கெடக்கு. நாம வரதுக்கு முன்னாலேயே ஓட்டியிருக்கான்."

விற்பவர் அறுபது வயதுக்காரர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர். "கழுகான் எடுத்ததா மோனே" என்று சிரித்தார். கழுவ எடுத்தாராம்.

செல்வின் என்னை மாமரத்தடிக்குக் கூட்டிப் போனான். "ஆறின எஞ்சினத்தான் ஸ்டார்ட் பண்ணிக் கேக்கணும் மக்கா. நாளைக்கி வெளுப்பான் காலத்துல, விடிஞ்ச ஒடனே வருவோம். சொல்லாம வருவோம்."

"மூணு மணிக்கு கொச்சிலேந்து வேற பார்ட்டி வருதாம்டே."

"எல்லாவனும் சொல்லுகது அதுதாம்லே."

எனக்குக் கோபம் வந்தது. நான் வாங்கி வைத்திருந்த ஸ்கேனரை வண்டியில் செருகி, ஒரு குறையும் இல்லையென்று திரை காட்டியதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான். திரும்பிப் போய் பானெட்டைத் திறந்தான். குனிந்தான். நாய் மாதிரி இரண்டு பக்கமும் மோந்தான்.

"டே, என்னமோ ஒரு இனிப்பு மணம் வருதுல்லா?"

நான் யோசிக்கவே இல்லை. பதினைந்து வருடப் பழக்கம் வாயிலிருந்து குதித்தது. "அது நான்டே. எங்க குடோன் மணம். என் சட்டைதான்."

விற்பவர் விழுந்து விழுந்து சிரித்தார். செல்வினும் சிரித்தான். ஆனால் இன்னொரு தடவை குனியப் போனான். நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, விற்பவர் காதில் விழும்படியே சொன்னேன்: "போதும்டே. இது லோடு ஆட்டோ இல்ல."

அவன் நிமிர்ந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "செரி. ஒன் இஷ்டம்" என்றான். நான் வாங்கிவிட்டேன்.

பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். கிழக்கேகோட்டைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தோம். அப்பா ஏறி உட்கார்ந்து, "தரையில பாய் விரிச்சு உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். இறங்க முடியாமல் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. ஆரியசாலைச் சந்தில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் வயிறு உரசும். அந்தச் சத்தம்கூட எனக்குப் பெருமையாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், விழிஞ்ஞம் போகிற பைபாஸில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். அதுவரை நடுவில் அசையாமல் நின்ற சூட்டு முள் ஒரே தாவலில் மேலே போனது. பானெட்டின் இடுக்கு வழியாக வெள்ளைப் புகை. ஓரங்கட்டி நிறுத்தினேன். சாயாக்கடையிலிருந்து நாலைந்து பேர் வந்து சூழ்ந்தார்கள். அதில் ஒருவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எந்தா அளியா, உள்ளில் பாயசமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் மணத்தது.

கட்டி இழுத்துக்கொண்டு செல்வினிடம்தான் போனேன். வேறு எங்கே போவது? புது லிஃப்டில் ஏறிய முதல் வெளிநாட்டு வண்டி அதுதான். அவன் ஒரு மணி நேரம் பார்த்தான். பழைய ஒழுக்கு. விற்பதற்கு முன்னால் மேலே ஊற்றி ஊற்றி மறைத்திருக்கிறார்கள். எஞ்சினின் தலைப்பாகமே சூட்டில் வளைந்துபோயிருந்தது. சரிசெய்வதற்கு அவன் சொன்ன தொகைக்கு இன்னொரு கார் வாங்கலாம்.

"நீ மெக்கானிக்குல்லா? நீயில்லா சொல்லியிருக்கணும்!" என்று கத்தினேன்.

"சொன்னேன்."

"எப்பச் சொன்ன?"

அவன் குரலை உயர்த்தவில்லை. ஸ்பேனரை எடுத்து அதனதன் இடத்தில் மாட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணைக்கு நீ போட்டிருந்தது புதுச் சட்டை மக்கா. கடையிலேந்து பிரிச்ச மடிப்பு அப்படியே கெடந்துது. வண்டியில வரும்போதே பாத்தேன். பெறவும் ஒன்ன நம்பிச் சிரிச்சேன் பாரு, அது என் தப்பு."

நான் வீட்டுக்கு வந்தேன். அப்பா கேட்டார், "செல்வின் பாத்துட்டுத்தான வாங்கின?"

"ஆமா, பாத்தான்."

அடுத்த வாரம் லோடு ஆட்டோ வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. குரூப்பில், "மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போயும் ஏமாந்தேன்" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எந்த மெக்கானிக் என்று உடனே கேட்டார்கள். கரமனை என்று மட்டும் எழுதினேன். மீதியை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். வருத்த முகங்கள் வரிசையாக வந்தன. அன்றைக்கு அந்த வருத்தம் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று உங்களுக்குப் புரியுமா? அறுபது பேர் முன்னால் முட்டாளாக நிற்பதைவிட, ஏமாற்றப்பட்டவனாக நிற்பது எவ்வளவோ மேல்.

அறுபதில் ஒரு வண்டிகூடச் செல்வினிடம் போகவில்லை. அந்த லிஃப்ட் எட்டு மாதம் சும்மா நின்றது. பிறகு அதை யாருக்கோ விற்றுவிட்டு ஷார்ஜாவுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? நடந்தது இதுதான் என்று குரூப்பில் எழுதப் பலமுறை விரல் வைத்தேன். எழுதவில்லை. இப்போது அந்தக் குரூப்பில் பண்டிகை வாழ்த்துகள் மட்டும்தான் வருகின்றன.

காரைப் பிரித்துப் பாகங்களாக விற்றேன். அந்த 'தும்' சத்தக் கதவுகள் இரண்டும் கோயம்புத்தூருக்குப் போயின. ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இன்று குழிமந்தி என்கிற அரபுப் பிரியாணிக் கடை. போன மாதம் ஆபீஸ் ஆட்களோடு போனபோது, மேஜைக்கடியில் காலில் ஏதோ தட்டியது. லிஃப்டைப் பிடித்து நின்ற போல்ட். அறுத்தும் முழுதாகப் போகாமல் தரையோடு ஒரு விரல் உயரம் நின்றுகொண்டிருந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை காலை மடக்கியே வைத்திருந்தேன். அப்பாவும் குடோனை விட்டுவிட்டார். அச்சடித்த பாக்கெட்டில் வெல்லம் வரத் தொடங்கியபின் மொத்தக்கடைக்கு என்ன வேலை? என் சட்டைகள் எதிலும் இப்போது மணமில்லை. மூக்கு மட்டும் நன்றாகத் திறந்துவிட்டது. எங்கே எந்த வண்டி ஒழுகினாலும் எனக்குத்தான் முதலில் தெரிகிறது.

இன்று காலை ஃபிளாட் லிஃப்டில் ஏழாம் மாடி சார் மறுபடியும் பிடித்துக்கொண்டார். "அல்லா, அந்த மெக்கானிக்கின்றெ காரியம் பறஞ்ஞில்லல்லோ?" மெக்கானிக் விஷயத்தை நான் சொல்லவே இல்லையாம்.

"எனக்கு இப்ப அப்படி யாரையும் தெரியாது சார்," என்றேன்.

இதிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.