கொண்டைக்காரனை விற்றவன் யார்?

பிச்சையாவுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஓட்டப்பிடாரம் பஸ் ஐந்து நிமிடம் பிந்தினாலே டிரைவருடைய வம்சத்தை விசாரிக்கிற ஆள். ஆனால் இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்தத் தீபாவளிக்கு மறுநாள் வந்த கோபம் நியாயமானது என்று கோவில்பட்டியில் ஒருத்தர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காகவும் தனியாக ஒரு கோபம் வந்தது.

அறுபது ஆடு மேய்க்கிற நாற்பது வயது மனிதர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்வகணேஷ் நடத்துகிற வீடியோ கேம் கடையில் மூன்று வருடமாகக் கால்பந்து சாம்பியன். முதல் தடவை பஸ்ஸைத் தவறவிட்டு, நிழலுக்காக உள்ளே நுழைந்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ்ஸைத் தவறவிட ஆரம்பித்தார். அன்றைக்கெல்லாம் ஆடு அவர் மனைவி பெருமாயி பொறுப்பு.

தீபாவளிப் போட்டியில் ஜெயித்தவர் படம் ஒரு வருடம் டி.வி.க்கு மேலே தொங்கும் என்பது கடையின் வழக்கம். முதல் வருடம் செல்வகணேஷ் மரியாதைக்கு ஒரு மாலையும் போட்டுவிட்டான். சந்தைக்கு வந்த பெருமாயி எட்டிப் பார்த்தாள். "உசுரோட இருக்க மனுசனுக்கு மாலையா போடுதே, வெளங்குவியாலே?" என்று பிய்த்து எறிந்தாள். படம் பிழைத்தது. ஊரில் கிணறு வெட்டுவதற்கோ கல்யாணத்துக்கோ பிச்சையாவின் யோசனையை யாரும் கேட்டதில்லை. அந்தப் படத்துக்குக் கீழே நின்று பேசினால் நாலு பேர் காது கொடுத்தார்கள். அதனால் படம் அங்கேயே இருந்தாக வேண்டும்.

திரையில் பெயரெல்லாம் இங்கிலீஷ். பிச்சையாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் குட்டி எந்த ஆடு போட்டது என்று தூரத்திலேயே சொல்கிறவருக்குப் பதினொரு பேரை அடையாளம் வைப்பது ஒரு காரியமா? அவருடைய சிவப்புச் சட்டை அணியில் கொண்டைக்காரன், செம்பட்டை, வெள்ளை பூட்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார். கொண்டைக்காரனிடம் பந்து போனால் கோல். மூன்று வருட வித்தையும் அவ்வளவுதான்.

இந்த விளையாட்டுக்கு வருடா வருடம் புது டிஸ்க் வரும். அந்த வருடத்து டிஸ்க் போட்டியன்று காலையில்தான் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தது. செல்வகணேஷ் கல்யாணத் தரகன் மாதிரி அதன் பெருமையை எடுத்துவிட்டான்.

"இந்த வருசம் மழை பெய்யும் அண்ணாச்சி. சட்டையில சகதி ஒட்டும். ஆளு வேர்க்கும். மூஞ்சியெல்லாம் அச்சு அசலு."

"மழையா? எங்கன?"

"டி.வி.க்குள்ள."

"கரிசல்ல புழுதியில வெதைச்சிட்டு வானத்தப் பாத்துக் கெடக்கோம். இவன் வெளையாடுத எடத்துல பட்டனத் தட்டிப் பெய்ய வைக்கானாக்கும்! வேற என்னத்த மாத்தித் தொலைச்சான்?"

"சின்னச் சின்ன அப்டேட்டுதான். பயப்படாதீய."

இறுதிப் போட்டியில் எதிராளி கழுகுமலை மாதவன், தீப்பெட்டி ஆபீஸ் சூப்பர்வைசர். நீலச் சட்டை அணி. பிச்சையா கொண்டையைத் தேடினார், இருந்தது. பந்தைச் சேர்த்தார். வாங்கியவன் நாலடி ஓடுவதற்குள் நீலச் சட்டை பிடுங்கிக்கொண்டு போனது. மறுபடி சேர்த்தார். மறுபடி பிடுங்கியது. பாதி ஆட்டத்தில் இரண்டு கோல் பின்னால்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க ஆளு அதிரசம் ஜாஸ்தியா தின்னுட்டானோ? நடக்கவே மாட்டேங்கான்" என்றான் மாதவன்.

"வாய மூடிட்டு ஆடும்வே."

அப்போதுதான் நீலச் சட்டையில் ஒரு மொட்டையைப் பார்த்தார். இடது காலை அகட்டி, தோளை ஒருபக்கம் சாய்த்து ஓடினான். பிச்சையாவின் கை நின்றுவிட்டது. மூன்று வருடம் பார்த்த ஓட்டம்.

"ஏலே செல்வகணேசு! இது நம்ம கொண்டைக்காரம்லா?"

"ஆமா அண்ணாச்சி. இந்த வருசம் நீலச் சட்டைக்குப் போயிட்டான். முடியையும் எடுத்துட்டான்."

"அப்ப எங்கிட்ட நிக்க கொண்டை?"

"அவன் கோலுக்குப் பக்கத்துல நின்னு பந்த மறிக்க ஆளு. இப்பந்தான் கொண்டை வளத்திருக்கான். எல்லாம் அப்டேட்டு."

"யாரைக் கேட்டுல வித்திய? மூணு வருசமா மேச்சவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமா?"

பேச்சு நடந்ததே தவிர மாதவன் ஆட்டத்தை நிறுத்தவில்லை. மொட்டை மூன்றாவது கோலையும் அடித்தான். அடித்துவிட்டுத் திரும்பி, பிச்சையாவைப் பார்த்து ஒரு முத்தம் பறக்கவிட்டான். அதுவும் புது வசதியாம்.

பிச்சையா எழுந்தார். "கம்பெனிக்காரன் விலாசத்தக் குடு. கடுதாசி போடுதேன்."

செல்வகணேஷ் டிஸ்க்கைக் காட்டினான். ஸ்கெட்ச் பேனாவில் கிறுக்கிய வருடத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை. "இது திருட்டுக் காப்பியில்லா அண்ணாச்சி. விலாசம் எப்படி இருக்கும்?"

வாய் நிறைய வசவு இருந்தும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பிச்சையா ஸ்டூலில் ஏறித் தன் படத்தைத் தானே கழற்றினார்.

"பழைய டிஸ்க்கு இருக்கு. அதுல கொண்டைக்காரன் அப்படியே இருப்பான். போடவா?"

"போனவன் போட்டோவ வச்சிக்கிட்டு என்னைய ஒப்பாரி வைக்கச் சொல்லுதியோ?"

வீட்டில் பெருமாயி படத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "மாலை இல்லாம வந்து சேந்துதே, அதுவரைக்கும் நல்லது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பஸ் தவறியது. மாதவன் படத்துக்கு நேர் கீழே, எட்டயபுரம் சந்தையில் ஆடு பிடிக்க வந்தவர் மாதிரி பிச்சையா குத்தவைத்து உட்கார்ந்தார்.

"எல்லாப் பயலையும் ஓட விடுலே. தலையப் பாக்க மாட்டேன், காலத்தான் பாப்பேன். அந்த நீலச் சட்டை மொட்டை மட்டும் கண்ணுல பட்டான், டி.வி. ஒனக்கு மிஞ்சாது."