காதால் படித்தவள்

பம்மலில் ஷூவுக்கு அப்பர் என்கிற மேல்தோல் தைக்கிற அந்த யூனிட்டில், கீதாவுக்குத் திமிர் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பேசமாட்டார்களா பின்னே? காலையில் வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் வாக்மேன் ஒயரை இரண்டு காதிலும் செருகிக்கொள்வாள். சாயங்காலம்தான் கழற்றுவாள். பக்கத்து மிஷின் செல்வமேரி தோளைத் தட்டினால்கூட ஒரு காதை மட்டும் விட்டுக்கொடுத்து, "அப்பறம் சொல்லுடி" என்பாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

"புருசன் போயி முழுசா ரெண்டு வருசம் ஆவல. பாட்டு கேக்குதாம் பாட்டு!" என்றாள் பேபி, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. கீதாவுக்குக் காதில் விழ வேண்டும் என்றே சொன்னது. விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

அவள் கேட்டது பாட்டே இல்லை. தன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வேதியியல் குறியீடுகள், வட்டமேஜை மாநாடுகள், சங்க இலக்கியத்தில் எட்டுத்தொகை எது, பத்துப்பாட்டு எது என்று, குரூப் ஃபோர் பரீட்சைக்கு வேண்டிய பாடம் முழுவதையும் அவளே வாசித்து அவளே பதிவு செய்திருந்தாள்.

கீதாவின் புருஷன் உதயா மைக் செட் வைத்திருந்தவன். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதம் கூழ் ஊற்றுவது என்று பம்மல், அனகாபுத்தூர் பக்கம் எங்கே குழாய் ஸ்பீக்கர் அலறினாலும் அது உதயாவுடையதாகத்தான் இருக்கும். வாய் ஓயாத மனுஷன். மஞ்சள் காமாலை வந்தது, நாட்டு மருந்து என்று அலைந்தார்கள், பங்குனி முடிவதற்குள் போய்விட்டான். ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் அவன் அண்ணன் குப்புராஜ் எடுத்துக்கொண்டுபோனான். மிஞ்சியது ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன், ஒரு வாக்மேன், அட்டைப்பெட்டி நிறைய கேசட்டு.

அவள் இருந்த ஒற்றை அறையும் குப்புராஜுடையதுதான். மாதம் ஒருமுறை வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "தனியா கெடந்துகினு இன்னா பண்ணப் போற? அங்க வந்துடும்மா. புள்ளைங்களப் பாத்துகினு, அண்ணிக்கு ஒத்தாசையா இருந்துக்கலாம்" என்பான். ஒத்தாசையாம்! சம்பளமில்லாத வேலைக்காரி என்பதற்கு நாகரிகமான பேர். பரீட்சையில் தேறி ஒரு வேலை கிடைத்தால் அவள் சொந்தக் காலில் நிற்கலாம். கிடைக்காவிட்டால் அந்த வீட்டு அடுப்படிதான். இடையில் வேறு வழி எதுவும் இல்லை.

ஆனால் படிக்க நேரம்? காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், பிறகு நாள் பூராவும் மிஷின். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஆடும், கண் தானாக மூடிக்கொள்ளும். ஒரு நாள் தைத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது: வேலையெல்லாம் கைக்கும் கண்ணுக்கும்தானே, காது சும்மாதானே கிடக்கிறது!

அன்றிலிருந்து விடிந்ததும், குழாயடியில் குடங்களின் சத்தம் கிளம்புவதற்குள், டூ-இன்-ஒன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைய பாடத்தைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்வாள். நாளெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு தைப்பாள். மதியச் சாப்பாட்டையும் அப்படியேதான் முடித்தாள். முன்பெல்லாம் செல்வமேரி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால் பாதி கீதாவின் டப்பாவில்தான் விழும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த செல்வமேரி, பிறகு பேபியோடு போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டிலும் பேச ஆளில்லை, வேலையிலும் இல்லை. சில நாள் காலையில் பாடம் வாசித்ததைத் தவிர ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொழுது போய்விடும். அழுகை வரும். அழுவதற்கு நேரம் ஒதுக்கவில்லையே என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வாள்.

புதுக் கேசட்டு வாங்க அவள் மனம் ஒப்பவில்லை. அதுதான் பெட்டி நிறைய இருக்கிறதே! கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டில் மேலே பதிவு செய்ய முடியாது. முதுகில் இரண்டு ஓட்டை இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. அதில் காகிதத்தைத் திணித்து அடைத்துவிட்டால் பழையது அழிந்து புதியது பதிவாகும். உதயா சொல்லிக்கொடுத்த வித்தைதான். அவன் கையால் பதிவு செய்தவை, பேர் எழுதாதவை எல்லாவற்றையும் தனியே எடுத்துப் பீரோவில் வைத்தாள். அவன் குரல் எதிலாவது இருக்கலாம், பரீட்சை முடிந்து நிதானமாகக் கேட்கலாம் என்று எண்ணம். கடைக் கேசட்டுகளை மட்டும் தொட்டாள். அவள் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

அப்படி எடுத்ததில் ஒன்று அம்மன் பாட்டுக் கேசட்டு. ஆடி மாதம் தவிர யாரும் தொடாதது. முதல் பக்கத்து ஓட்டையை அவள் அடைத்தாள். இரண்டாம் பக்கத்து ஓட்டை ஏற்கனவே அடைத்திருந்தது. நல்லதாகப் போயிற்று, வேலை மிச்சம் என்று தமிழ்நாட்டு ஆறுகளை அதில் வாசித்து முடித்தாள்.

பாடம் முடிந்ததும் நிறுத்திவிட்டுத் திருப்பிச் சுற்றுவது அவள் பழக்கம். அன்றைக்கு அவசர ஆர்டர். சூப்பர்வைசர் ஏசுதாசன் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தார், கையை எடுக்க முடியவில்லை. 'வைகை உற்பத்தியாகும் இடம் வருசநாட்டு மலை' என்று அவள் குரல் முடிந்தது. டப்பென்று ஒரு சத்தம்.

"...அவ்ளோதான் கீதா. சிரிக்காத. டேப்பு முடியப் போவுது."

உதயா!

ஊசி தோலைத் தாண்டி எங்கோ போயிற்று. "இன்னாம்மா பண்ற? பீஸு வீணாப் போச்சு!" என்று ஏசுதாசன் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. திருப்பிச் சுற்றினாள். வருசநாட்டு மலை. இன்னும் கொஞ்சம் சுற்றினாள். பாலாறு, நந்தி மலை. எவ்வளவு சுற்றினாலும் அவளேதான் பேசிக்கொண்டிருந்தாள். கேசட்டை வெளியே எடுத்து அந்த ஓட்டையைப் பார்த்தாள். அதில் காகிதம் வைத்தவன் வேறு யார்? யாரும் தொடாத கேசட்டாகப் பார்த்து, ஆடியில் அவளை அசத்தலாம் என்று பேசி வைத்திருக்கிறான். பாவி, அந்த அடைத்த ஓட்டையைப் பார்த்தபோதே தன் புத்திக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அந்தக் கேசட்டை அதன் பிறகு அவள் வாக்மேனில் போடவில்லை, நாடா சிக்கிக்கொள்ளும் என்று பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் டூ-இன்-ஒன்னில் மட்டும் ஒருமுறை போட்டு, ஆறுகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் அவன் பேசுவதற்காகக் காத்திருப்பாள். பீரோவில் வைத்திருந்தவற்றையும் கேட்டுப் பார்த்தாள். நாதஸ்வரம், ஊர்ச் சத்தம், யாரோ மைக்கை ஊதியது. அவ்வளவுதான்.

பரீட்சையில் பாலாற்றைப் பற்றிக் கேள்வி வந்தது. விடையைக் குறித்தாள். அடுத்த கேள்வி தெரியாமல் கண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு எழுதினாள். தேறிவிட்டாள். தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர். குப்புராஜ் இனிப்போடு வந்து, "எங்க கீதாவாச்சே!" என்றான்.

வாக்மேனில் ஓடியது பாட்டல்ல, பாடம் என்று அதற்குள் யூனிட் முழுவதும் தெரிந்துவிட்டிருந்தது. கணக்கு முடித்துக்கொள்ள வந்த அன்று செல்வமேரி கேட் வரை கூடவே வந்தாள்.

"உம்மேல கோவமா இருந்தேன்டி. இன்னா பாட்டு அப்பிடின்னு. எனக்கும் அந்த மாதிரி படிக்கச் சொல்லிக்குடு. வூட்ல கேசட்டு நெறைய கீது."

"வாணாம் செல்வா. புதுசு வாங்கிக்கோ."

"ஏன்டி? சும்மாதான கெடக்குது?"

கீதா அங்கேயே நின்று, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் செல்வமேரி அழுதுவிட்டாள்.

"அய்யோ! அதுக்கு முன்னால இன்னாதான்டி பேசிருப்பாரு?"

"தெர்லயே" என்றாள் கீதா. "சிரிக்காதன்னு சொல்றாரே, சிரிக்கிற மாதிரிதான் இன்னாவோ சொல்லிக்கீறாரு."