தெருவின் எதிரி

லைட்டரைக் காதருகே கொண்டுபோய் ஒருமுறை ஆட்டுகிறார் எலிசெயோ. உதட்டைப் பிதுக்குகிறார். "செத்துப் போச்சு. ஆனா எங்கிட்ட வந்துடுச்சில்ல, பொழைச்சுக்கும்." தீர்ந்ததும் தூக்கி எறிவதற்கென்றே செய்த பிளாஸ்டிக் லைட்டர் அது. கியூபாவில் நாங்கள் எதையும் அப்படி எறிந்ததில்லை. அடியில் ஊசியளவு துளை போட்டு, எரிவாயு ஏற்றி, துளையை அடைத்து, சக்கரத்தைக் கட்டைவிரலால் தட்டுகிறார். சுடர் எழும்போது சுற்றி நிற்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார், தீயைக் கண்டுபிடித்தவரே தான்தான் என்பதுபோல.

மத்தான்சாஸில், யுமுரி ஆற்றுப் பாலம் தாண்டி மேடேறும் எங்கள் தெருவின் முனையில் அவர் மேசை இருக்கிறது. அவரை நல்லவர் என்று சட்டென்று சொல்லிவிட மாட்டேன். எரிவாயுவை முழுதாக நிரப்பவே மாட்டார். கேட்டால், "ரொப்பினா வெடிக்கும், மச்சான். அதுவுமில்லாம தடை போட்டது நானா?" என்பார். பேருந்து வராததற்கும் ரொட்டி சிறுத்ததற்கும் தன் லைட்டர் சீக்கிரம் அணைவதற்கும் அவர் கணக்கில் அமெரிக்கத் தடையே காரணம். முதல் இரண்டில் ஓரளவு உண்மை இருக்கலாம்.

ஆனால் தெரு அவரை மதிப்பது லைட்டருக்காக அல்ல. ஆறடியைத் தாண்டிய உயரம். ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கப்பலேறி வந்த பாட்டன் கொடுத்த வெளுத்த தோல், பச்சைக் கண்கள். இந்த உருவம் அவருக்கு ஒரு பதவியைத் தந்தது. பாதுகாப்பு ஞாயிறன்று, அமெரிக்கா படையெடுத்து வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு தெருவும் ஒத்திகை பார்க்கும். சிலர் காயத்துக்குக் கட்டுப் போடுவார்கள், சிலர் மரத்துப்பாக்கி தூக்குவார்கள். பாராசூட்டில் குதித்த எதிரிச் சிப்பாய் ஒருவன் எங்காவது ஒளிந்திருப்பான். அவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். மீசை அரும்பிய வயதிலேயே அந்தச் சிப்பாயாக ஆனவர் எலிசெயோ. இன்றும் அவர்தான். குழந்தைகளுக்கு அவர் "மிஸ்டர்".

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் உண்மையான படையெடுப்பு வந்தபோது ஹிரோன் கடற்கரைச் சதுப்பில் நின்று சுட்டவர் அவருடைய அப்பா. "எங்கப்பா ஒரே ஒரு தடவை ஜெயிச்சாரு, சிலை வைக்காத குறை. நான் வருஷா வருஷம் தோக்கிறேன். நாட்டுக்கு யாருய்யா அதிகம் செஞ்சது, சொல்லு?" 

தோற்பதிலும் அவருக்கு ஒரு மானம் உண்டு. தானாக வெளியே வந்ததே இல்லை. ஒருமுறை பேக்கரியின் மாவு மூட்டைகளுக்கிடையே கிடந்தார். ஒருமுறை தெருக் கமிட்டித் தலைவி செனைதாவின் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தார். எதிரி பிடிபடாமல் தெருவே சேர்ந்து கொப்பரையில் காய்ச்சும் சூப்பைப் பரிமாறக் கூடாது என்பது விதி. சோவியத் நாடு உடைந்த பிறகு, பன்றித் தலையும் மரவள்ளியும் கிடைக்காமல் வெறும் வாழைக்காய்த் தண்ணீர் கொதித்த ஆண்டுகளிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கியூபா, அமெரிக்கா இரு நாட்டுத் தூதரகங்களிலும் மறுபடி கொடி ஏறிய ஆண்டு மட்டும் தெரு குழம்பியது. செனைதா நடுத்தெருவில் நின்று கூவினார்: "மிஸ்டர், நாம இப்ப சிநேகிதங்களாம்! பெரிய மனசு பண்ணி வெளிய வர்றீங்களா? சூப்பு ஆறுது." எங்கிருந்தோ குரல் மட்டும் வந்தது: "வாஷிங்டன்லேருந்து எனக்கு உத்தரவு வரலையே!" பின்னால் தடை முன்னைவிட இறுகியபோது, "நான் அவசரப்பட்டேனா பாரு" என்று மேசைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அதன் பிறகுதான் அவருடைய ஒரே மகன் ஓஸ்மெல் படகேறி வடக்கே அமெரிக்காவுக்குப் போனான். அதைப் பற்றி மட்டும் அவர் வாய் திறப்பதில்லை. எண்பதில் மரியேல் துறைமுகம் வழியாக அங்கே போனவர்களின் கதவில் முட்டை எறிந்து "துரோகி" என்று கத்திய தெரு இது. முட்டை இன்று எறியக் கட்டுப்படியாகாத பொருள். அந்தச் சொல் மட்டும் யார் வீட்டிலோ பத்திரமாக இருக்கிறது.

போன நவம்பரில் ஓஸ்மெல் முதன்முறையாகத் திரும்பி வந்தான், அமெரிக்காவின் தாம்பா நகரில் குடியுரிமை வாங்கியவனாக. மறுநாள் பாதுகாப்பு ஞாயிறு. மேசையருகே கறிக்கடை நிக்கனோர் அவன் தோளைத் தட்டினார். "எலிசெயோ, இந்த வருஷம் நீ ஓய்வெடு. அசல் சரக்கே வந்து இறங்கியிருக்கே!"

"பையனே ஒளியட்டும். ஒரு மாறுதலா இருக்கும்" என்றார் செனைதா.

எல்லோரும் சிரித்தார்கள். ஓஸ்மெலும் சிரித்தான், காது மட்டும் சிவந்திருந்தது. எலிசெயோ கையிலிருந்த லைட்டரைக் கீழே வைத்தார்.

"என் வேலைய எவனுக்கும் விட்டுத்தர மாட்டேன். இந்தத் தெருவுக்கு ஒரே எதிரிதான். அது நான்."

தெரு இன்னும் பலமாகச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

ஞாயிறன்று எலிசெயோவைக் காணவில்லை. வெயில் ஏறியது, கொப்பரை கொதித்தது, தேடியவர்களுக்குப் பசி வந்தது. கொப்பரையருகே நானும் ஓஸ்மெலும் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தோம். "சின்ன வயசில ஒரு தடவை அப்பாவப் புடிச்சது நான்தான்" என்றான் அவன். "இருமலை வெச்சுக் கண்டுபுடிச்சேன்."

அப்போதுதான் நிக்கனோர் வந்தார், பின்னால் நாலைந்து மரத்துப்பாக்கிகளோடு. "அப்பனைக் காணோம்னா என்ன? மகன் இங்கதானே இருக்கான்! கையைத் தூக்குடா, யாங்கி!"

துப்பாக்கிகள் வட்டமாகச் சூழ்ந்தன. பின்வரிசையிலிருந்து யாரோ அந்தப் பழைய சொல்லைத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். வேடிக்கையாகத்தானா என்று தெரியவில்லை. "நிக்கனோர், போதும்" என்றார் செனைதா. குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை. ஓஸ்மெல் கத்தியைக் கீழே போட்டான். அவன் கைகள் நெஞ்சுவரை உயர்ந்து, மேலே போவதா வேண்டாமா என்று நின்றன.

"சரண்டர்!"

பேக்கரியின் கூரையில், புகைபோக்கிக்குப் பக்கத்தில், நெற்றி முதல் கால்வரை கரி பூசிய நெட்டை உருவம். எலிசெயோவுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் அதுதான். பிடிபட்ட பிறகு அல்லாமல் அவர் அதைச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. ஏணியில் தடுமாறி இறங்கினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, தெருவின் நடுவே நிமிர்ந்து நடந்து வந்தார்.

"என்னைப் புடிக்கத் துப்பில்ல. சமையல் பண்றவனைப் புடிக்கிறானுங்க. நல்ல படைடா இது!"

சிரிப்பு வெடித்தது. துப்பாக்கிகள் அவர் பக்கம் திரும்பின. வட்டத்துக்குள் நுழைந்து மகனுக்கு முன்னால் நின்றார். தூக்கிய கைகளில் ஒன்றை இறக்கி, ஓஸ்மெலின் மணிக்கட்டைப் பிடித்து, மெல்லக் கீழே தாழ்த்தினார். பிறகு தன் கையை மறுபடி மேலே தூக்கிக்கொண்டார்.